பிளஸ் டூ முடிந்தது, காலேஜ் கட்டாயமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் ரிசல்ட் வந்துவிட்டால் என் போன் ஓயாது. கோயம்புத்தூரில் ஒரு மெஷின் ஷாப்பில் இருபத்து மூன்று வருடமாக வேலை செய்கிறேன். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம், புது ஆட்களை இன்டர்வியூ செய்யும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். நான் வேலைக்குச் சேரும்போது கையில் இருந்தது டிப்ளமோ. பி.இ. முடித்தது முப்பத்தைந்து வயதில். அதனால் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், டீக்கடையில் பழக்கமானவர்கள் எல்லாருக்கும் நான்தான் யோசனை சொல்கிறவன். ஒரே பதிலை எத்தனை முறை சொல்வது? எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிடலாம். எனக்குத் தெரிந்தது தொழிற்சாலைப் பக்கம், ஆகவே பதில்களில் கூலன்ட் ஆயில் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

காலேஜ் வாசலையே மிதிக்காமல் பெரிய ஆள் ஆனவர்கள் இல்லையா? ஜி.டி. நாயுடு என்ன படித்தார்?

எங்கள் ஊரில் இந்தப் பேச்சு ஜி.டி. நாயுடுவில்தான் தொடங்கும். சரிதான், சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். பஸ் ஓட்டினார், பஸ் கம்பெனி நடத்தினார், 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் செய்து காட்டினார். இதுவரை எல்லாருக்கும் தெரியும். இதற்கப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லை. 1945-இல், அன்றைய மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் இங்கே பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் தொடங்கக் காரணமாக இருந்தவர் இதே நாயுடுதான். அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி., அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அதன் முதல் முதல்வராகவும் இருந்தார். நாலு வருடப் படிப்பு வீண், இரண்டே வருடம் போதும் என்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, பதவியை விட்டுவிட்டார். படிப்பே வேண்டாம் என்றா சொன்னார்? பையன்களின் இரண்டு வருடத்தைச் சும்மா தின்னாதீர்கள் என்றார். காமராஜரை இழுப்பவர்களுக்கும் அதேதான். தனக்குக் கிடைக்காத படிப்பு அடுத்த பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தவரை, படிக்காமல் இருப்பதற்குச் சாட்சியாகக் கூப்பிடுவது அநியாயம்.

இந்தக் காலத்து உதாரணம் ஜோஹோ என்ற சாப்ட்வேர் கம்பெனியைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு. டிகிரி இல்லாத பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்துப் பெரிய வேலையில் உட்கார வைத்தார், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவர் படித்தது சென்னை ஐ.ஐ.டி., பிறகு அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம். 'டிகிரியில் ஒன்றும் இல்லை' என்று மேடையில் பேசுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், பாதிப் பேருக்கு மேல் டிகிரி பீரோவில் பத்திரமாக இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. விழுந்தால் எழுந்துகொள்ள அவர்களுக்கு வேறு பிடி இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிடி, நிலமோ கடையோ தொழில் தெரிந்த மாமாவோ, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படித்தவனுக்குத்தான் வேலை இல்லை என்று பேப்பரில் போடுகிறார்களே?

போடுவது உண்மை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில், 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இளைஞர்களில் பட்டதாரிகளுக்கு வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 3.4 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு ஒருவர் என்னிடம், "அப்போ படிக்காம இருந்தா வேலை உறுதிங்களா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார முடியாது. சித்தாள் வேலையோ, பாரம் தூக்குவதோ, கிடைத்ததைச் செய்தால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். கணக்கில் அவர் 'வேலையில் இருப்பவர்'. பட்டதாரிப் பையன் 'படித்த படிப்புக்கு ஏற்ற வேலை வரட்டும்' என்று காத்திருக்கிறான், அப்பா சோறு போடுகிறார். கணக்கில் அவன் 'வேலை இல்லாதவன்'. அந்த 29-இல் காத்திருக்க வசதி உள்ளவர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

ஆனால் அந்த எண்ணை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கில் 47 சதவீதம், நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 28.4. நம் மாநிலத்துக்குப் பெருமைதான். ஆனால் தெருவில் இரண்டு பிள்ளைகளில் ஒன்று காலேஜ் போகும் ஊரில், 'நான் டிகிரி' என்று சொல்வதற்குத் தனி மதிப்பு எப்படி இருக்கும்? என் அப்பா காலத்தில் பி.ஏ. என்றால் வீட்டு வாசலில் போர்டு மாட்டினார்கள். இப்போது எங்கள் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர் வேலைக்கு வரும் விண்ணப்பத்திலேயே பி.இ. கிடக்கிறது.

அப்படியென்றால் எந்த வேலைக்குத்தான் கட்டாயம் டிகிரி வேண்டும்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் கேட்கிறவர்கள் குறைவு. ஒவ்வொரு வேலைக்கும் வாசலில் ஒரு காகிதம் கேட்பார்கள். என்ன காகிதம் என்று முன்பே தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

டாக்டர், வக்கீல், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் இவற்றுக்கு மாற்று வழியே கிடையாது. யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, வங்கி கிளார்க், போலீஸ் எஸ்.ஐ. இவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டம். போலீஸ் கான்ஸ்டபிளுக்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 4-க்கும் விதிப்படி பத்தாம் வகுப்புதான். விதி அப்படி, நிலவரம் வேறு. 2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். அதில் பட்டதாரிகளும் முதுகலை படித்தவர்களும் வரிசை கட்டி நிற்கிறார்கள். பத்தாம் வகுப்பு என்று எழுதியிருப்பது உள்ளே நுழைய மட்டும், ஜெயிக்க அல்ல.

யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். ஆடிட்டர் ஆவதற்கு காலேஜ் தேவையில்லை. பிளஸ் டூ முடித்து நேராக சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதலாம், இன்டர் எழுதலாம், ஒரு ஆடிட்டரிடம் பயிற்சி செய்துகொண்டே ஃபைனல் வரை போகலாம். கட்டணமும் தனியார் இன்ஜினியரிங் கல்லூரியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தேர்வு கடினம், பல பேர் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள், அதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கூடவே அஞ்சல் வழியில் ஒரு பி.காம். போட்டு வைப்பவர்கள் புத்திசாலிகள்.

இன்னொரு பக்கம் வெல்டர் வேலை. திருச்சி, துவாக்குடி பக்கம் பைப்பைச் சாய்வாக நிறுத்திச் சுற்றிலும் பற்றவைக்கும் 6ஜி பைப் வெல்டிங் தெரிந்தவனை யாரும் 'என்ன படிச்சே' என்று கேட்பதில்லை. ஒரு பைப்பைக் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்வார்கள், அதை எக்ஸ்ரே எடுப்பார்கள், குறை இல்லையென்றால் வேலை. இதைவிட நேர்மையான இன்டர்வியூ நான் பார்த்ததில்லை. ஆனால் அவனும் வளைகுடாவுக்குப் போக வேண்டும் என்றால் பாஸ்போர்ட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று காட்டினால் இ.சி.என்.ஆர். பாஸ்போர்ட் கிடைக்கும். இல்லையென்றால் இ.சி.ஆர்., அதாவது குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அரசிடம் குடியகல்வு அனுமதி வாங்க வேண்டும். கையில் எவ்வளவு திறமை இருந்தாலும் அந்தப் பத்தாம் வகுப்புக் காகிதம் விமான நிலையத்தில் பேசும். அதனால் படிப்பு ஏறவில்லை என்று எட்டாவதில் நிறுத்துகிறேன் என்பவர்களிடம் மட்டும் நான் சண்டையே போடுவேன்.

பையன் படிப்பில் சுமார். ஐ.டி.ஐ. சேர்த்தால் கௌரவக் குறைச்சலா?

'படிப்பில் சுமார்' என்றால் என்ன? மனப்பாடம் வரவில்லையா, கணக்கு வரவில்லையா? கணக்கு சுத்தமாக வரவில்லை என்றால் ஐ.டி.ஐ.யிலும் கஷ்டம்தான். ஃபிட்டருக்கு வெர்னியர் படிக்கத் தெரிய வேண்டும், டிராயிங் பார்க்கத் தெரிய வேண்டும், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால் என்னவென்று கைக்குத் தெரிய வேண்டும். இது 'படிக்காதவன் போகிற இடம்' என்ற நினைப்பை முதலில் விடுங்கள்.

ஃபிட்டர், டர்னர் (லேத் என்னும் கடைசல் மெஷின் ஓட்டுகிறவர்), மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது காலேஜுக்கு மட்டும் இல்லை, ஐ.டி.ஐ.க்கும் உண்டு. இது தெரியாமல் விட்டவர்கள் என் தெருவிலேயே இரண்டு பேர். 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சி.என்.சி. என்று புது மெஷின்களும் இறக்கியிருக்கிறார்கள். சேர்க்கும் முன் அந்த 71-இல் உங்கள் பக்கத்து ஐ.டி.ஐ. இருக்கிறதா என்று விசாரியுங்கள். முப்பது வருடப் பழைய லேத்தில் பழகி வருகிறவனுக்கும் புது மெஷினில் பழகி வருகிறவனுக்கும் முதல் ஆறு மாதம் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

இனி கசப்பான பகுதி. ஐ.டி.ஐ. முடித்தவுடன் எங்கள் பக்கம் பதினைந்தாயிரத்தை ஒட்டித்தான் கையில் கொடுப்பார்கள், பெரும்பாலும் காண்ட்ராக்டில். நைட் ஷிப்ட் உண்டு. நிரந்தரம் ஆக்குவோம் என்பார்கள், இழுப்பார்கள். முதல் மூன்று வருடம் பையன் ஆபரேட்டராகவே இருந்தால், பட்டன் அழுத்துவது மட்டும்தான் தெரியும். வேலைக்கு ஏற்றபடி மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் கற்றுக்கொண்டானா, புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டானா என்பதில்தான் அவன் தலையெழுத்து இருக்கிறது. செட்டர் ஆகிவிட்டால் கம்பெனிகள் அவனைத் தேடி வரும். எங்கள் ஷாப்பில் ஐந்து அச்சு (ஃபைவ் ஆக்சிஸ்) சி.என்.சி. மெஷினை ஓட்டும் பையன் ஐ.டி.ஐ. டர்னர். அவன் லீவு போட்டால் மேனேஜருக்குக் காய்ச்சல் வரும். அவனுக்குக் கீழே இரண்டு பி.இ. பையன்கள் டூல் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அவன் மேனேஜர் ஆக முடியுமா? அது அடுத்த வாசல். கீழே வருகிறேன்.

டிப்ளமோவா, நேராக இன்ஜினியரிங்கா?

வரிசையாக ஏணி ஒன்று இருக்கிறது. பத்தாவதுக்குப் பிறகு டிப்ளமோ மூன்று வருடம். பிளஸ் டூவில் தகுந்த பாடமோ இரண்டு வருட ஐ.டி.ஐ.யோ இருந்தால் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருடம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் வருடம். ஆக ஐ.டி.ஐ.யில் தொடங்கினவனும் கடைசியில் பி.இ. வாசலுக்கு வந்து சேரலாம், வழியில் கையும் பழகியிருக்கும். இந்த வழியில் வந்தவன் பி.இ. படிக்கும்போது கணக்குப் பாடத்தில் திணறுவான், ஒர்க்‌ஷாப்பில் வாத்தியாருக்கே சொல்லிக்கொடுப்பான்.

பிளஸ் டூவில் நல்ல கட்-ஆஃப், நல்ல கல்லூரி கிடைக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், நேராகப் போகட்டும். நான் பேசுவது நடுவில் நிற்கிறவர்களுக்காக.

ஏதோ ஒரு காலேஜ், ஏதோ ஒரு டிகிரி. கையில் இருந்தால் போதாதா?

அரசுத் தேர்வு எழுதுவதற்கு மட்டும் என்றால் போதும். அங்கே எந்தக் காலேஜ் என்று யாரும் கேட்பதில்லை. அதற்குப் பக்கத்து ஊர் அரசுக் கலைக் கல்லூரி தாராளம், தனியாரில் லட்சம் கொட்ட வேண்டியதில்லை. தமிழ் வழியில் படித்தால் மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. ஆனால் இப்போது அது ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ் வழியில் படித்தவர்களுக்குத்தான். நடுவில் இரண்டு வருடம் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கு அது கிடையாது.

தனியார் வேலை என்றால் காலேஜ் பெயர் முக்கியம், எவ்வளவு முக்கியம் என்றால் கம்பெனி பஸ் எந்த வாசலில் வந்து நிற்கிறது என்கிற அளவுக்கு. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கல்லூரிகள் ஒரு காலத்தில் ஐந்நூறைத் தாண்டின. பிறகு பல மூடப்பட்டன. மிச்சம் இருப்பதிலும் எல்லாவற்றுக்கும் கேம்பஸ் இன்டர்வியூ நடத்த யாரும் வருவதில்லை. 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்று பேனர் கட்டுவார்கள். அதில் நூறு யாரை வைத்து என்று கேளுங்கள். நூற்று இருபது பேரில் அரியர் இல்லாமல், அறுபது சதவீதத்துக்கு மேல் வாங்கி, இன்டர்வியூவுக்குத் தகுதியானவர்கள் நாற்பது பேர் என்றால் அந்த நாற்பதுதான் அவர்கள் கணக்கில் நூறு சதவீதம். மீதி எண்பது பேர் எங்கே என்று பேனரில் இடம் இல்லை.

நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஒரு நாள் சாயந்திரம் அந்தக் காலேஜ் எதிரே உள்ள டீக்கடையில் போய் உட்காருங்கள். மூன்றாம் வருடப் பையன்கள் நாலு பேரிடம் பேசுங்கள். கிளாஸில் எத்தனை பேருக்கு அரியர், போன வருட சீனியர்கள் இப்போது எங்கே, வாத்தியார்கள் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். இந்த மூன்று கேள்வி போதும். அட்மிஷன் ஆபீஸில் காபி கொடுத்துச் சொல்வதை நம்ப வேண்டாம்.

கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமா?

முதலில் கடன் இல்லாமல் படிக்க வழி இருக்கிறதா பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைக்கு இன்ஜினியரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுகிறது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்று வாங்குங்கள், கவுன்சிலிங்கில் சேர்ந்தால் கட்டணச் சலுகை கிடைக்கும். இந்தச் சான்றை இ-சேவை மையத்தில் ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பித்து வையுங்கள். கடைசி நேரத்தில் ஓடி, சான்று வராமல் முழுக் கட்டணம் கட்டியவர்கள் கதை என்னிடம் நிறைய.

இதையும் தாண்டிக் கடன் என்றால், 4 லட்சம் வரை வங்கி பொதுவாக ஈடு கேட்காது. 10 சதவீத வட்டி, ஏழு வருடத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 6,600 ரூபாய் வரும். படிக்கும் காலத்து வட்டி அதற்கு மேல். ஐ.டி. கம்பெனிகளில் புதுசாகச் சேருகிறவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேலாக வருடத்துக்கு மூன்றிலிருந்து நாலு லட்சம் என்ற இடத்திலேயே சம்பளம் நிற்கிறது. இதற்கிடையில் அரிசி விலை எங்கே போய்விட்டது பாருங்கள். அந்தச் சம்பளம் கிடைத்தால்கூடத் தவணை கட்டிவிடலாம், சென்னையில் ரூம் வாடகை, மெஸ், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போகக் கையில் நிற்காது, அவ்வளவுதான். பதினைந்தாயிரத்தில் வேலை கிடைத்தால்? பாதிச் சம்பளம் வங்கிக்குப் போகும். அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அந்தக் காலேஜில் அந்தப் பாடம் முடித்த சாதாரணப் பையன் வாங்கும் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகும் என்றால் வேண்டாம். முதல் மார்க் வாங்கும் பையனின் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நம் பிள்ளைதான் அது என்று எல்லா அப்பாக்களும் நினைக்கிறார்கள்.

நகை அடகு வைத்து, தனியாரிடம் இரண்டு வட்டிக்கு வாங்கி மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ப்பது பற்றிக் கேட்டால் என் பதில் ஒரே சொல். கூடாது.

பெண் பிள்ளைக்கும் இதே பதில்தானா?

இல்லை. இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, பரவாயில்லை.

பையன் பதினெட்டு வயதில் ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒட்டிக்கொண்டு கற்றுக்கொள்ளலாம். பெண்ணை அப்படி விட எத்தனை வீடுகள் சம்மதிக்கும்? ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்கிறார்கள், ஹாஸ்டலில் தங்கி, நின்றுகொண்டே அசெம்பிளி. அந்தப் பணத்தில் தம்பியைப் படிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கல்யாணம் ஆனதும் அந்த வேலை அப்படியே நின்றுவிடுகிறது, பத்து வருடம் கழித்துத் திரும்ப வரும்போது கையில் காட்ட ஒன்றும் இல்லை. டிகிரி இருக்கும் பெண், தன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு பி.எட். படிக்கிறாள், வங்கித் தேர்வு எழுதுகிறாள், டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தை எடுக்கிறாள். நடுவில் நின்றுபோன வாழ்க்கையை மறுபடி தொடங்க அந்தக் காகிதம்தான் அவளுக்கு உதவுகிறது. அதனால் பெண் பிள்ளை என்றால், பக்கத்தில் இருக்கும் அரசுக் கல்லூரியில் ஏதாவது ஒரு பட்டமாவது முடிக்கட்டும் என்பேன். மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் பணம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

பிளஸ் டூ முடித்தவர்களை கம்பெனியே எடுத்துப் படிக்க வைக்கிறதாமே?

ஆமாம். ஜோஹோ பள்ளி 2000-களின் நடுவிலேயே தொடங்கியது, சென்னையிலும் தென்காசியிலும் நடக்கிறது. கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறார்கள், முடித்ததும் அங்கேயே வேலை. எச்.சி.எல்.லும் பிளஸ் டூ மாணவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்க ஏற்பாடு செய்கிறது, அதில் பயிற்சிக் கட்டணம் உண்டு. இரண்டும் நல்ல வழிதான். ஆனால் இடம் குறைவு, தேர்வு வைத்துத்தான் எடுக்கிறார்கள். ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: இங்கிருந்து வெளியே போனால் என் கையில் என்ன சான்று இருக்கும்? அந்தக் கம்பெனிக்குள் இருக்கும் வரை அவர்கள் சான்று தங்கம். வேறு கம்பெனி, வெளிநாடு என்றால் மறுபடி பட்டம் கேட்பார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்க வேண்டிய எச்1பி விசாவுக்கு நாலு வருடப் பட்டம் அல்லது அதற்குச் சமமான அனுபவம் காட்ட வேண்டும், அவர்கள் கணக்கில் ஒரு வருடப் படிப்புக்கு மூன்று வருட வேலை ஈடு. அதனால் சேர்ந்த கையோடு அஞ்சல் வழியில் ஒன்றைத் தொடங்கிவிடுவது நல்லது.

அஞ்சல் வழிப் பட்டம், பார்ட் டைம் பட்டம் செல்லுமா?

செல்லும், யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்த பல்கலைக்கழகம், அனுமதித்த படிப்பு என்றால். பணம் கட்டும் முன் யு.ஜி.சி. தளத்தில் அந்த வருடப் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள். இன்னொன்று, வரிசை முக்கியம். பத்தாவது, பிளஸ் டூ (அல்லது டிப்ளமோ), பட்டம் என்ற வரிசையில் வர வேண்டும். இவை இல்லாமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேராக வாங்கிய பட்டத்தைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்பதில்லை. இது தெரியாமல் எம்.ஏ. வரை போனவர்கள் இருக்கிறார்கள்.

என் கதை இங்கேதான் வருகிறது. சேர்ந்து எட்டு வருடத்தில் சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். எனக்கு மேலே இருந்த இடம் காலியானது. வேலை முழுக்க எனக்குத் தெரியும், அந்த இடத்தில் இருந்தவர் லீவில் போனபோதெல்லாம் நான்தான் பார்த்தேன். ஆனால் அந்த கிரேடுக்கு பி.இ. வேண்டும் என்று விதி. எனக்கு நாலு வயது சின்னவர் ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஆறு மாதம் அவருக்கு நான்தான் மெஷின் பெயர் சொல்லிக் கொடுத்தேன். நல்ல மனிதர், அவர் மேல் கோபம் இல்லை. 'நீயும் முடிச்சுடுப்பா' என்று அவர்தான் ஃபாரம் வாங்கிக் கொடுத்தார்.

வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர்களுக்கு சாயந்திர நேரத்தில் பார்ட் டைம் பி.இ. நடக்கிறது. நாலரை மணிக்கு ஷிப்ட் முடித்து, கையில் கிரீஸோடு கிளாஸில் உட்காருவேன். பக்கத்து பெஞ்சில் எல்லாரும் என் மாதிரிதான், மின்வாரியக்காரர், மில் ஃபோர்மேன், ஒருவருக்கு நரைத்துவிட்டது. கணக்குப் பாடத்தில் ஒரு அரியர் வைத்து, அதையும் சேர்த்து நாலு வருடம். வீட்டில் அந்த நாலு வருடமும் பொங்கல், தீபாவளி தவிர எங்கேயும் போகவில்லை, அதை என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுவாள். அங்கே கற்றதில் பாதி எனக்கு முன்பே கையில் தெரிந்தது, மீதிப் பாதி, ஏன் அப்படி என்பது அங்கேதான் புரிந்தது. பதவி வந்தது. சம்பளம் உடனே பெரிதாக ஏறவில்லை, இரண்டு வருடம் கழித்துதான்.

இப்போது இன்டர்வியூ மேஜையில் இருக்கும் நான் என்ன பார்க்கிறேன் என்றும் கேட்கிறார்கள். முதல் வேலைக்கு வருகிறவனிடம் சர்டிபிகேட் பார்ப்பேன், வேறு பார்க்க என்ன இருக்கிறது? ஐந்து வருட அனுபவத்தோடு வருகிறவனிடம் ஒரு டிராயிங்கை நீட்டுவேன், காலேஜ் பெயர் அந்த நேரத்தில் கண்ணிலேயே படாது. அவனையே மேனேஜர் ஆக்க நினைத்தால் மறுபடி ஹெச்.ஆர். சர்டிபிகேட் கேட்கும்.

ஏ.ஐ. வந்த பிறகு எந்தப் படிப்புக்கும் அர்த்தம் இல்லை என்கிறார்களே?

கம்ப்யூட்டர் வந்தபோது சொன்னார்கள், சி.என்.சி. வந்தபோது சொன்னார்கள். அப்போது டர்னர் வேலை போகவில்லை, கைப்பிடி சுற்ற மட்டும் தெரிந்த டர்னருக்குத்தான் வேலை போனது. ஏ.ஐ. என்ன செய்யும் என்று ஜோசியம் சொல்ல நான் ஆள் இல்லை.

அண்ணா, நான் மூன்றாம் வருடம். ஏழு அரியர். விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா?

தம்பி, எனக்கு வரும் போனில் இதுதான் ராத்திரி பத்து மணிக்கு மேல் வருவது, அதுவும் வீட்டுக்குத் தெரியாமல். காலேஜே போகாதவனிடம் மூன்று வருட அனுபவம் இருக்கிறது. முடித்தவனிடம் சர்டிபிகேட் இருக்கிறது. நடுவில் விட்டவனிடம் கடன் மட்டும் இருக்கிறது, ஃபாரத்தில் எழுதப் 'பிளஸ் டூ' மட்டும். அதனால் விடுவதாக இருந்தால் முதல் செமஸ்டரிலேயே விட்டிருக்க வேண்டும், இப்போது வேண்டாம்.

ஏழையும் ஒரே செமஸ்டரில் எழுத ஃபீஸ் கட்டாதே. எந்தப் பாடத்தில் நாற்பதைத் தொட்டுவிட்டு நிற்கிறாய் என்று மார்க் எடுத்துப் பார், அதில் இரண்டை நவம்பரில் முடி, மூன்றை ஏப்ரலில். மிச்சம் இரண்டு கணக்குப் பாடமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். அதற்கு டியூஷன் வை. வெட்கப்படாமல் ஜூனியர் பையனிடமே கேள், நான் என் ஜூனியரிடம்தான் லாப்லாஸ் கணக்கு கற்றுக்கொண்டேன். கேம்பஸ் இன்டர்வியூவில் உன்னை உட்கார விட மாட்டார்கள், அது போகட்டும். பட்டம் வாங்கியபின், சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசு அப்ரன்டிஸ் போர்டு தளத்தில் பதிவு செய், ஒரு வருடம் உதவித்தொகையோடு பயிற்சி கிடைக்கும், அங்கே உன் அரியர் எண்ணிக்கையை யாரும் எண்ண மாட்டார்கள். அப்புறம் உன் அப்பாவிடம் சொல்லிவிடு. நாளைக்கே வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு சொல்.